ஆல்தோ போட்டால் பட் வரக்கூடாதாமே, ஏன்?

சேகோ கணக்குப்பிள்ளை:
சேலத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் கணக்குப் பார்க்கிறேன். மராட்டியர்களுக்கு விரதம் என்றால் சாபுதானா, அதாவது நம் ஜவ்வரிசிக் கிச்சடிதான். ஆடி, ஆவணியில் அந்தப் பக்கம் லோடு மேல் லோடு போகும், கூடவே என் மெயிலும். போன வாரம் எழுதிய வரி இது: “ஆல்தோ தி லாரி லெஃப்ட் ஆன் மண்டே, பட் இட் ஹேஸ் நாட் ரீச்டு.” முதலாளி மகள் பார்த்துவிட்டு ‘பட்’டை மட்டும் அடித்துவிட்டார். ஏன் என்று கேட்டால், “அப்படித்தான் அண்ணா” என்கிறார். பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான் எழுதுகிறேன், லாரியெல்லாம் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

மலைக்காப்பி:
அதே வரியைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். “லாரி திங்கட்கிழமையே கிளம்பிவிட்டாலும், ஆனால் வந்து சேரவில்லை.” அந்த ‘ஆனால்’ இடறுகிறதா? ‘கிளம்பிவிட்டாலும்’ என்னும்போதே முரண் வந்துவிட்டது. நம் ‘ஆலும்’தான் அவர்களுடைய ஆல்தோ. நமக்கு வினையின் வாலில் ஒட்டிக்கொண்டு வருவது, அங்கே தனிச்சொல்லாக முன்னால் வந்து நிற்கிறது. ஏதாவது ஒன்று போதும். ஆல்தோவை வைத்தால் நடுவில் வெறும் கமா. அழுத்தம் வேண்டுமென்றால் “இட் ஸ்டில் ஹேஸ் நாட் ரீச்டு” என்று எழுதலாம், தப்பில்லை.

அஸ்தம்பட்டி டியூஷன்:
அப்படியே ‘டிஸ்பைட் ஆஃப்’ எழுதுகிற பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். ஆஃப், ‘இன் ஸ்பைட்’டோடு மட்டும். ‘டிஸ்பைட் தி ரெயின்’ சரி, ‘டிஸ்பைட் இட் ரெயின்டு’ தப்பு.

சேகோ கணக்குப்பிள்ளை:
அந்தப் பழக்கமும் உண்டு. சரி, ஹவெவர்? கொஞ்சம் படித்தவன் எழுதிய மாதிரி இருக்கட்டுமே என்று பட் இருந்த இடத்தில் அதை வைத்துப் பார்த்தேன்.

மலைக்காப்பி:
அது ‘இருப்பினும்’ மாதிரி, புது வாக்கியத்தைத் தொடங்கும். முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும், பின்னால் கமா. வெறும் கமாவை வைத்து இரண்டு வாக்கியத்தை ஒட்டப் பார்த்தால் ஒட்டாது. லாரி மெயிலுக்கு எதற்கு ஹவெவர்? ஆல்தோவை எடுத்துவிட்டுப் பட் போடுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

எனக்குப் பிடித்தது வேர்அஸ். ஏப்ரலில் சேலம் கொதிக்கிறது. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால், ஏற்காட்டிலோ ராத்திரிக்குப் போர்வை தேடுகிறோம். அந்த ‘ஓ’தான் வேர்அஸ்.

சேகோ கணக்குப்பிள்ளை:
‘ஓ’ பிடித்துவிட்டது. திருத்தி அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன், லாரி நேற்று ராத்திரியே போய்ச் சேர்ந்துவிட்டதாம். “ரீச்டு” என்று ஒரே சொல்லில் பதில் வந்திருக்கிறது.