‘அவன்’ யார்? மாற்றுப்பெயர் நடத்த யோசனை தேவை
ஆசிரிய நண்பர்களே, ஏழாம் வகுப்புக்கு மாற்றுப்பெயர், அதாவது பெயருக்குப் பதிலாக வரும் சொற்கள், நடத்துகிறேன். அவன், அவள், அது என்று பட்டியலை மளமளவென ஒப்பிக்கிறார்கள். கட்டுரை எழுதும்போதுதான் சிக்கல். நேற்று ஒரு நோட்டில் ‘ரவி முருகனிடம் அவன் பேனாவைக் கொடுத்தான்’ என்றிருந்தது. யாருடைய பேனா என்றால், “அவனுடையதுதான் சார்” என்கிறான்!

‘தன் பேனாவை’ என்று எழுதினால் அது ரவியுடையது என்று தெளிவாகிவிடும், சரி. பேனா முருகனுடையது என்றால்? பெயரையே திரும்ப எழுதச் சொன்னேன். அப்புறம் வரிக்கு வரி முருகன், முருகன் என்று எழுதித் தள்ளிவிட்டார்கள்.

அம்புக்குறி போட்டு, எந்தப் பெயரைக் குறிக்கிறது என்று காட்டவும் வைத்தேன். ஒற்றை வாக்கியத்தில் பிடித்துவிடுகிறார்கள், பத்தி என்றால் குழம்புகிறார்கள். பத்தி அளவில் பயிற்சியோ விளையாட்டோ உங்கள் வகுப்பில் எடுபட்டிருந்தால் சொல்லுங்களேன்.