பைகுல்லாவில் கண்ட சகோதரிகள்

தாராவியிலிருந்து:

1999 ஜூலை மழையில், மும்பை தாராவியின் 90 அடிச் சாலையில் எங்கள் கடை வாசலுக்கு அருகே ஒரு பாட்டி மூன்று நாட்களாகப் படுத்துக் கிடந்தார். டீக்கடைக்காரர் கொடுத்த பன்னைத் தவிர வேறு எதுவும் அவர் வயிற்றுக்குள் போகவில்லை. காலில் இருந்த புண்ணில் புழு வைத்திருந்தது. மருத்துவமனை ஒன்றில் கட்டுப் போட்டுவிட்டு, உடன் இருக்க ஆள் இல்லை என்று அன்று மாலையே திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கள் சாலில் (வரிசையாக அறைகள் கொண்ட குடியிருப்பில்) குடியிருந்த தூத்துக்குடி அக்கா ஒருவர்தான், பைகுல்லாவில் அன்னை தெரசாவின் சகோதரிகள் நடத்தும் ஆஷா தான் இல்லத்துக்குக் கொண்டுபோகலாம் என்று சொல்லி, டாக்சியும் பிடித்துக்கொண்டு வந்தார். அப்போதைய இந்துஸ்தான் லீவர் நிறுவனம் தன் இடத்தைக் கொடுக்க, 1976இல் தொடங்கப்பட்ட இல்லம் அது.

கதவைத் திறந்த சிஸ்டர் ரேஷன் கார்டு கேட்கவில்லை. எந்த மதம், யார் வீட்டு ஆள் என்றும் கேட்கவில்லை. என்ன மொழி பேசுவார் என்று மட்டும் இந்தியில் கேட்டுவிட்டு, உள்ளேயிருந்து நாகர்கோவில் பக்கத்து இளம் சகோதரி ஒருவரை அழைத்தார். அவர் வந்த வேகத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து, “பாட்டி, மொதல்ல கொஞ்சம் கஞ்சி குடிக்கியளா?” என்றார். மூன்று நாட்களாகப் பெயரைக்கூடச் சொல்லாத பாட்டி, தன் ஊர் சங்கரன்கோயில் பக்கம் என்று சொல்லி அழத் தொடங்கினார். நாங்களும் தமிழில்தான் கேட்டிருந்தோம். ஆனால் நாங்கள் நின்றுகொண்டு கேட்டோம், அவர் உட்கார்ந்து கேட்டார். வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு அந்த வேறுபாடே நினைவில் நின்றது.

பாட்டியைப் பார்க்கப் போகத் தொடங்கி, பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே துணி துவைக்கும் ஆளாகிவிட்டேன். மலமும் சீழும் பட்ட விரிப்புகளை அவர்கள் கையால்தான் அலசினார்கள். ஒவ்வொரு சகோதரிக்கும் நீலக் கரை போட்ட மூன்று சேலைகள்தான் சொத்து என்பதை அங்கே கொடியில் காய்ந்த துணிகளைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். கத்தோலிக்கத் துறவியர் பொதுவாக எடுக்கும் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளுக்கு (உறுதிமொழிகளுக்கு) மேல், மிக வறியவர்களுக்கு முழுமனதோடும் கைம்மாறு பெறாமலும் பணி செய்வது என்ற நான்காவது ஒன்றும் இந்தச் சபையில் உண்டு என்று அந்த நாகர்கோவில் சகோதரி விரிப்பைப் பிழிந்துகொண்டே சொன்னார். நீங்கள் நர்ஸ் படித்தவரா என்று நான் கேட்டதற்கு, இல்லை என்றார். கல்கத்தாவின் எண்டாலியில் ஆசிரியையாக இருந்த அன்னையே 1948இல் மடத்தை விட்டு வெளியே வந்ததும் முதலில் பாட்னாவுக்குப் போய்ச் சில மாதங்கள் மருத்துவப் பணி பழகிய பிறகுதான் சேரிக்குள் இறங்கினார் என்றும், அதுபோல் தாமும் செய்து செய்தே கற்றுக்கொண்டதாகவும் கூறினார்.

செம்பூரிலிருந்து, பதில் கடிதம்:

நான் முப்பது ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் என்பதால், சகோதரிகள் நர்ஸ் படிக்காமலே பணி செய்வதாகத் தாங்கள் கடைசியாக எழுதியதைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. லான்செட் மருத்துவ இதழின் ஆசிரியர் 1994இல் அன்னையின் கொல்கத்தா இல்லத்தைப் பார்த்துவிட்டு, அங்கே தூய்மையும் கனிவும் இருப்பதை ஒப்புக்கொண்டு, நோயைக் கண்டறியும் முறையும் கடும் வலிக்கான மருந்தும் போதவில்லை என்று எழுதினார். அது நியாயமான குறை என்றே நான் நினைக்கிறேன், ஏனெனில் வலிக்கு மருந்து கொடுப்பதும் அன்பின் பகுதிதான். அதே சமயம், நான் பணிபுரிந்த இடத்தில் எல்லா மருந்துகளும் இருந்தன. ஆனால் உடன் ஆள் இல்லாத நோயாளியை எத்தனையோ முறை நானே வெளியே அனுப்பியிருக்கிறேன். அந்த வாசலிலிருந்து அவர்கள் எங்கே போனார்கள் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. சங்கரன்கோயில் பாட்டி பிறகு என்ன ஆனார் என்று தயவுசெய்து எழுதுங்கள்.

தாராவியிலிருந்து:

புண் ஆறியது, ஆனால் அவர் எழுந்து நடக்கவில்லை. தீபாவளி கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, நாகர்கோவில் சகோதரியை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்று தெரிந்தது. போகச் சொன்னால் மறுநாளே புறப்படுவது அவர்கள் வழக்கமாம். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. பாட்டி தனித்துப்போயிருப்பார் என்று பயந்துகொண்டு உள்ளே சென்றேன். தமிழே தெரியாத ஒரு புதிய சகோதரி, கட்டில் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து கிண்ணத்தை நீட்டி, “கன்சி, கன்சி” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாட்டி வாயைத் திறக்காமல், “கஞ்சி” என்று அவருக்குத் திருத்திச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அவர் சரியாகச் சொன்ன பிறகே ஒரு வாய் வாங்கிக்கொண்டார்.