பத்து மணிக்குமேல் சோர்ந்துவிடும் பிள்ளைகள்: சத்துக் குறைவா?

தோட்டத்து_டீச்சர் (சுங்கை சிப்புட்)
ஆண்டு 2 வகுப்பில் நாலைந்து பிள்ளைகள் முதல் பாடத்தில் நன்றாக வாசிக்கிறார்கள். ஓய்வு நேரம் நெருங்கினால் மேசையில் சாய்ந்துவிடுகிறார்கள். இரண்டு படி உள்ள கணக்கில் முதல் படியோடு நின்றுவிடுகிறார்கள். ஒரு பெண்பிள்ளை ஓயாமல் ஐஸ் கடிக்கிறாள், வீட்டில் பச்சரிசியும் தின்பாளாம். சோம்பேறித்தனம் என்கிறார்கள் பெற்றோர். ஃபார்மசியில் வைட்டமின் வாங்கிக் கொடுத்தால் போதுமா?

கிளினிக்_தாதி
வாங்க வேண்டாம் டீச்சர், முதலில் இரத்தம் பாருங்கள். ஐஸ், பச்சரிசி, மண் தின்னும் ஆசை இருந்தால் இரும்புச்சத்துக் குறைவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கவனத்துக்கு வேண்டிய டோப்பமின் என்ற வேதிப்பொருள் மூளையில் உருவாக இரும்பு தேவை. அதனால் இரத்தச்சோகை வருமுன்பே, உடலில் இரும்பின் இருப்பு வற்றும்போதே கவனம் தடுமாறலாம். அந்தப் பிள்ளையைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல விடாதீர்கள்.

அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிதான். எஃப்பிசி என்ற முழு இரத்த அணுப் பரிசோதனையோடு, உடலில் இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் கேளுங்கள். 5 முதல் 11 வயதுவரை ஹீமோகுளோபின் (டெசிலிட்டருக்குக் கிராம் கணக்கில்) 11.5க்குக் கீழே போனால் இரத்தச்சோகை. ஃபெரிட்டின் (லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில்) 15க்குக் கீழே என்றால் இருப்பு காலி. காய்ச்சல், சளி இருக்கும்போது ஃபெரிட்டின் உயர்த்திக் காட்டும். குணமான பிறகு எடுங்கள்.

லேப்_அண்ணன்
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். எம்சிவி, அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு, குறைவு என்றதும் இரும்பு மருந்து ஆரம்பித்துவிடக் கூடாது. தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாட்டின் கடத்திகளுக்கும் சிவப்பணு சிறியதாகவே இருக்கும், நம் நாட்டில் அது அரிதல்ல. ஃபெரிட்டின் சரியாக இருந்து எம்சிவி மட்டும் குறைந்தால் தலசீமியாவைக் கண்டறிய ஹீமோகுளோபின் பகுப்பாய்வு செய்யச் சொல்லுங்கள்.

மருந்தளவை டாக்டர் எடை பார்த்துச் சொல்வார். வழக்கமாகக் கிலோவுக்கு 3 மில்லிகிராம் இரும்பு, அதாவது 20 கிலோ பிள்ளைக்கு 60. லேபிளில் தவறுவது இங்கேதான்: 200 மில்லிகிராம் ஃபெரஸ் ஃபியுமரேட் மாத்திரையில் இரும்பு 65 மட்டுமே. பாலோடும் மைலோவோடும் கொடுத்தால் உடல் சரியாக உறிஞ்சாது. மலம் கறுக்கும், பயப்பட வேண்டாம். ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1 கூடும்; அது சரியானதும் பலர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள், ஆனால் இருப்பு நிரம்ப இன்னும் இரண்டு மூன்று மாதம் வேண்டும். தம்பி தங்கை கைக்கு எட்டாமல் வையுங்கள், அதிகமாக விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

பசியாறல்_அக்கா
வெறும் தேத்தண்ணியும் பிஸ்கட்டும்தான் பல வீடுகளில் காலைப் பசியாறல். தேயிலையின் டானின் சாப்பாட்டிலுள்ள இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தேத்தண்ணி வேண்டுமானால் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து. ரொட்டியோடு நெத்திலி சம்பல், கூடவே அரைக் கொய்யா கொடுத்தால் அதன் வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்கும். முருங்கைக்கீரையை இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள், கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி வீணாகும். கோழி ஈரல் வாரம் ஒருமுறை இரண்டு மேசைக்கரண்டி போதும். அதில் வைட்டமின் ஏ அதிகம், தினமும் வேண்டாம்.

ஆர்எம்டி என்ற பள்ளி இலவச உணவு ஓய்வு நேரத்தில்தான் வருகிறதென்றால், வகுப்புக்கு முன்பே கொடுக்க முடியுமா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். காலணி இல்லாமல் தோட்டத்து மண்ணில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கொக்கிப்புழு இருக்கலாம், அது குடலிலிருந்து இரத்தம் குடிக்கும். அதற்குப் புழு மாத்திரை அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒரே வேளை.

தோட்டத்து_டீச்சர்
நன்றி. ஐஸ் கடிக்கும் பிள்ளை வீட்டில் சைவம், முட்டையும் கிடையாது.

பசியாறல்_அக்கா
அப்படியென்றால் பருப்பு, தெம்பே, தௌஃபூ, எல்லாம் எலுமிச்சையோடு. பால் தனி வேளையில். பி12-ம் பார்க்கச் சொல்லுங்கள். இரும்பும் பி12-ம் சேர்ந்து குறைந்தால், முதல் குறைவு சிவப்பணுவைச் சிறிதாக்க, மற்றது பெரிதாக்க, எம்சிவி நடுவில் நின்று சரியாக இருப்பதுபோலவே காட்டும்.