யானைக்கு நரம்பணுக்கள் நம்மைவிட மிகுதியா?

கேள்வி (சுங்கை சிப்புட்): எங்கள் தோட்டத்துச் செம்பனைக் கன்றுகளை யானைகள் சாய்த்து, மட்டைகளை ஒதுக்கிவிட்டுக் குருத்தை மட்டும் உரித்துத் தின்றிருந்ததைக் கண்ட என் மகள், அவ்வளவு பெரிய மூளையில் நரம்பணுக்களும் நம்மைவிட மிகுதியா என்று கேட்கிறாள். விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1: மிகுதிதான், ஐயா. ஆப்பிரிக்க யானையின் மூளையில் சுமார் 25,700 கோடி. மனிதனுக்கு 8,600 கோடி. ஆயினும், 2014இல் நரம்பியல் அறிஞர் சுசானா எர்குலானோ ஊசெல் குழுவினர் வெளியிட்ட ஆய்வின்படி, யானையின் நரம்பணுக்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு, உடலசைவுகளை ஒருங்கிணைக்கும் சிறுமூளையிலேயே உள்ளன. சிந்தனைக்குரிய பெருமூளைப் புறணியில் 560 கோடிதான். நமக்கோ 1,600 கோடி. குருத்தை உரித்த அந்தத் தும்பிக்கையின் நுண்ணசைவே சிறுமூளையின் பெருக்கத்துக்குக் காரணமாக இருக்கலாம்.

மறுமொழி 2: எடையை மட்டும் நம்ப இயலாது. நம் லயத்துக் கூரைகளில் ஓடும் நீள்வால் குரங்கின் 46 கிராம் மூளையில் சுமார் 340 கோடி நரம்பணுக்கள் உள்ளன. எலியைப் போன்ற கொறிணியான கேப்பிபாராவின் மூளை 76 கிராம் இருந்தும் 160 கோடியே. குரங்கினத்தில் மூளை பெருத்தாலும் நரம்பணுக்கள் பருக்காமல் நெருங்கியே அமைகின்றன.