பாப்பா கல்யாணம், கிளாஸ்கோ (குடும்பக் குழு)

பெரியம்மா: தம்பி, ரிசப்ஷன் முடியும்போது போடுகிற பாட்டு தூக்குக் கைதி பாட்டாமே?

மதுரை அத்தை: ஐயையோ

கோவை அண்ணன்: யார் சொன்னது

பெரியம்மா: யூடியூபில் பார்த்தேன். லாக் லோமண்ட்.

கிளாஸ்கோ சித்தப்பா: அண்ணி, பொறுமையாகப் படியுங்கள். லாக் லோமண்ட் கிளாஸ்கோவுக்கு வடமேற்கே இருக்கிற பெரிய ஏரி. பாட்டு 1841-இல் அச்சில் வந்தது, எழுதியவர் யாரென்று தெரியாது. ஸ்காட்லாந்தில் நடந்த 1745 கலகத்தோடு சேர்த்துத்தான் இங்கே கதை சொல்வார்கள். பிரிட்டன் அரியணையைக் கேட்டுக் கிளம்பிய இளவரசர் சார்லியின் படை இங்கிலாந்துக்குள் டார்பி வரை போய்த் திரும்பியது. வழியில் கார்லைல் கோட்டையில் விட்டுவைத்த வீரர்கள் அந்த டிசம்பரில் பிடிபட்டார்கள். அதில் இரண்டு நண்பர்கள். ஒருவனுக்கு விடுதலை, அவன் மேல்வழியாக நடந்து ஊர் போக வேண்டும். மற்றவனுக்குத் தூக்கு. அவன் ஆவி கீழ்வழியாகப் போய் முதலில் ஊர் சேர்ந்துவிடும், ஆனால் காதலியைப் பார்க்க முடியாது.

மதுரை அத்தை: பாவம்டா

கோவை அண்ணன்: சித்தப்பா, ஏர்போர்ட்டுக்கு வேன் எத்தனை மணிக்கு?

பெரியம்மா: ஆவி என்று நீங்களே சொல்கிறீர்கள். நம் வீட்டில் ஒரு முகாரி போதாதா?

மதுரை அத்தை: அண்ணி, என் கல்யாணத்து நாதஸ்வரத்தை இங்கே இழுக்காதீர்கள். அந்த ஆளைப் பிடித்துவந்தது அண்ணன்.

பெரியப்பா: நான் தவிலுக்கு மட்டும்தான் சொன்னேன்

கிளாஸ்கோ சித்தப்பா: அண்ணி, ஸ்கை தீவில் தொடங்கிய ரன்ரிக் குழு பாடியதிலிருந்து இங்கே கல்யாணம் என்றால் கடைசியில் இதுதான். பொண்ணு மாப்பிள்ளை நடுவில், மற்றவர்கள் கைகோத்துச் சுற்றி நிற்பார்கள். முதலில் தாலாட்டு மாதிரி மெதுவாகப் போகும். டிரம்ஸ் ஏறியதும் வட்டம் மொத்தமும் நடுவைப் பார்த்து ஓடும், பின்வாங்கும், மறுபடி ஓடும். பாவாடை மாதிரி கில்ட் கட்டிய தாத்தாக்கள்கூடக் குதிப்பார்கள். 2007-இல் அந்த ரன்ரிக் குழுவே கால்பந்து ரசிகர்களைச் சேர்த்துக்கொண்டு நன்கொடைக்காகத் திரும்பப் பாடினார்கள், பிரிட்டன் தரவரிசையில் 9-ஆம் இடம் வந்தது. அங்கே யாரும் சாவை நினைப்பதில்லை. எப்படியாவது ஊர் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் பாட்டு. ஊரை விட்டு வந்த எனக்கு அந்த வரி வந்தால் தொண்டை அடைக்கும்.

மதுரை அத்தை: அப்பா காரியத்துக்கு வந்திருக்கலாமே

கிளாஸ்கோ சித்தப்பா: விசா நிலைமை உனக்குத் தெரியும் அக்கா

பெரியப்பா: அதை இப்போது விடுங்கள்

கோவை அண்ணன்: வேன்??

பாப்பா: பெரியம்மா, அதற்கு அப்புறம் ஆல்ட் லாங் சைன் போடச் சொல்லலாம், பழைய நட்பைப் பற்றிய ஸ்காட்லாந்துப் பாட்டு. நம் மோகனத்து ஸ்வரங்கள்தான் அதில் வரும்.

பெரியம்மா: மோகனம் என்றால் சரி. மங்களம் பாடின மாதிரி ஆகிவிடும். ஆனால் அதுதான் கடைசி.

பாப்பா: அவர் அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன்

பெரியப்பா: அந்த ஓட்டத்தில் எனக்கு முழங்கால் தாங்காது

மதுரை அத்தை: பட்டுப்புடவையில் எப்படி ஓடுவது? உள்ளே ஹீட்டர் இருக்குமா?

கிளாஸ்கோ சித்தப்பா: இருக்கும். வேன் பற்றி நாளைக்குச் சொல்கிறேன்.