ஸ்னஃபர்: அணைப்பானா, கத்தரியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு பழைய ஆங்கில வாக்கியத்தை மொழிபெயர்ப்பவர், அதில் வரும் ஸ்னஃபர் (snuffer) என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன என்று நேற்றுக் கேட்டிருந்தார். "மெழுகுவர்த்தி அணைப்பான்" என்று நாலு பேர் உடனே விடை கொடுத்துவிட்டீர்கள். கேள்வியோடு ஒட்டியிருந்த வாக்கியத்தைப் படித்திராவிட்டால் ஐந்தாவதாக நானும் அதையேதான் கொடுத்திருப்பேன். 18ஆம் நூற்றாண்டு லண்டன் நாடக அரங்கு. நாடகம் நடந்துகொண்டிருக்கிறது. ஸ்னஃபர் எனப்படும் வேலையாள் மேடையேறி, ஒவ்வொரு மெழுகுவர்த்தியாகத் தன் வேலையை முடித்துக்கொண்டு இறங்குகிறான். கூட்டம் கைதட்டுகிறது. இங்கே 'அணைப்பான்' என்று எழுதினால், அவன் இறங்கிய பிறகு நடிகர்கள் இருட்டில் நின்று வசனம் பேச வேண்டியிருக்கும்.

அவன் விளக்கை அணைக்க வந்தவன் அல்லன், அது மங்கிவிடாமல் காக்க வந்தவன். நம் குழப்பம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. சற்று நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்னஃப் என்பது முதலில் ஒரு பொருளின் பெயர். எரிந்து கருகி, சுடருக்கு நடுவே தலை பருத்து நிற்கும் திரிமுனை. 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலத்தில் இந்தப் பொருளில் எழுதப்பட்டிருக்கிறது. பிறகு அந்தக் கருகிய முனையை வெட்டி எடுப்பது வினையாயிற்று. வெட்டும் கருவி ஸ்னஃபர், அதைப் பிடித்து வேலை செய்யும் ஆளும் ஸ்னஃபர். "மூக்குப்பொடிச் சிமிழ்" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். சிரித்துவிட்டேன், ஆனால் அவர்மீது தவறில்லை. புகையிலைப் பொடியைக் குறிக்கும் ஸ்னஃப் 17ஆம் நூற்றாண்டில் டச்சு மொழியிலிருந்து வந்த வேறு சொல். எழுத்து ஒன்றாகிவிட்டதால் வந்த தொல்லை இது.

இந்தத் திரிமுனையை ஏன் வெட்ட வேண்டும்? இன்று கடையில் வாங்கும் மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கிறோம். அன்று பெரும்பாலான வீடுகளில் எரிந்தது ஆட்டுக் கொழுப்பிலோ மாட்டுக் கொழுப்பிலோ செய்த மலிவான வர்த்தி. உள்ளே முறுக்கிய நூல்திரி. கொழுப்பு உருகி மட்டம் இறங்க இறங்க, திரி மட்டும் சுடருக்குள் நேராக நின்று நீண்டுகொண்டே போகும். சுடரின் நடுப்பகுதியில் காற்று போதாததால் அது சாம்பலாகாமல் கரியாகவே நிற்கும். சுடர் மங்கும், புகையும், ஒரு பக்கமாக வழியும். கவுண்ட் ரம்ஃபோர்ட் என்ற அறிவியலாளர் இதை அளந்தே பார்த்தார். அப்போதுதான் முனை வெட்டிய கொழுப்பு வர்த்தியின் ஒளியை 100 என்று கொண்டால், கவனிக்காமல் விட்ட 11 நிமிடத்தில் அது 39 ஆகிவிடுகிறது. 29 நிமிடத்தில் 16. மறுபடி வெட்டினால் பழையபடி 100. மாலை முழுதும் ஒருவர் எழுந்து எழுந்து போய்க்கொண்டிருந்த காரணம் புரிகிறதா? திரியை வெட்டாமலே எரியும் விளக்கைவிட மேலான எதைத்தான் கண்டுபிடித்துவிட முடியும் என்ற பொருளில் ஜெர்மன் கவிஞர் கோத்தே இரண்டு வரி எழுதினார். எத்தனை இரவுகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாரோ!

கருவி பார்ப்பதற்குக் கத்தரிக்கோல் போலவே இருக்கும். ஓர் அலகின்மேல் சிறு பெட்டி. வெட்டுண்ட கனல்கரி மேசைவிரிப்பில் விழாமல் அந்தப் பெட்டிக்குள் நெரிபட்டு அடங்கிவிடும். மேசையில் வைத்தால் கைக்கு எளிதாக எட்டும்படி அடியில் குட்டிக் கால்கள், அதற்கென்று தனித் தட்டு. 1514இல் இறந்த கார்டினல் பெய்ன்பிரிட்ஜின் சின்னம் பொறித்த வெள்ளிக் கத்தரி ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கரி வெட்டுகிற சாமானுக்கு வெள்ளியும் எனாமலும்.

1820களில் கதை முடிந்தது. பிரான்சில் கம்பசரே என்பவர் முறுக்குத் திரிக்குப் பதிலாகப் பின்னல் திரியைக் கொண்டுவந்தார். பின்னிய திரி எரியும்போது வளைந்து சுடரின் ஓரத்துக்குப் போகிறது. அங்கே காற்றுப் பட்டுத் தானே சாம்பலாகிறது. வெட்ட எதுவும் மிஞ்சவில்லை. அதே காலத்தில் வெறும் கொழுப்புக்குப் பதில், கொழுப்பிலிருந்து பிரித்தெடுத்த கெட்டியான ஸ்டியரின் வந்தது. கத்தரிக்கு வேலை போயிற்று. ஆனால் பெயர் சாகவில்லை. பக்கத்தில் இன்னொரு சாமான் இருந்தது: சுடரின்மேல் கவிழ்த்து அணைக்கும் சிறு கூம்பு. அதற்கு ஆங்கிலத்தில் வேறு பெயர்தான் இருந்தது, தீயணைப்புக் கருவிக்கு இன்று வழங்கும் அதே எக்ஸ்டிங்விஷர். கத்தரி வழக்கொழிந்த பின் அதன் பெயர் இந்தக் கூம்பின் தலையில் ஏறிக்கொண்டது. ஆகவே இன்றைய அகராதியைப் பார்த்துப் பழைய நூலை மொழிபெயர்த்தால் பொருள் நேர் எதிராகப் போய்விடுகிறது. இடையில் மூன்றாவது கருவியும் உண்டு. டவுட்டர், கத்தரி வடிவம்தான், ஆனால் அலகுக்குப் பதில் இரண்டு தட்டை வில்லைகள். சுடரைக் கிள்ளி அணைப்பதற்கு.

மற்ற மொழிக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்கப் போய் ஒரு நாள் முழுக்க அதிலேயே கழிந்தது. லத்தீனில் இந்தக் கருவிக்கு எமுங்க்டோரியம். வினைச்சொல்லின் பொருள் மூக்குச் சிந்துதல். பிரெஞ்சில் மூஷெத், அங்கேயும் மூக்குச் சிந்துதல்தான். டச்சில் ஸ்னாய்ட்டர், அதே மூக்கு. ஐரோப்பாவில் பாதிப் பேருக்கு மெழுகுவர்த்தி சளி பிடித்த குழந்தையாகத் தெரிந்திருக்கிறது! ஜெர்மானியர் கருகிய திரிமுனையை ஷ்னுப்பே என்றார்கள். வானத்தில் எரிந்து விழும் கொள்ளியைப் பார்த்து, நட்சத்திரத்தின் திரிமுனையை யாரோ வெட்டிப் போட்டதாக எண்ணி, ஷ்டெர்ன்ஷ்னுப்பே என்று பெயர் வைத்தார்கள். எரிநட்சத்திரத்துக்கு இன்றும் அங்கே அதுதான் பெயர். ஸ்பானியரின் சொல் திரியைத் துப்புரவாக்குதல் என்ற பொருளிலிருந்து விழித்துக்கொள், சுறுசுறுப்பாக இரு என்ற பொருளுக்கு நகர்ந்துவிட்டது. இவர்கள் எல்லோரிலும் எனக்குப் பிடித்தவர்கள் பாரசீகர்கள். அதே கருகிய முனையை அவர்கள் குல் என்றார்கள், பூ. கத்தரி குல்கீர், பூவைப் பிடிப்பது. உருதுவிலும் அப்படியே.

இனி நம் வீட்டுக்கு வருவோம். "தூண்டுகோல் என்ற அருமையான சொல் இருக்கும்போது புதிதாக ஏன்?" என்று மூத்த நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. திரியைத் தூண்டும் குச்சிதான் தூண்டுகோல். ஊக்கம் என்ற பொருள் பின்னால் ஏறியது. நுந்துதல் என்றாலும் தூண்டுதல்தான். சோழர் கல்வெட்டுகளில் நுந்தா விளக்குக்கு 90 ஆடு, 96 ஆடு என்று கொடை வருகிறதே, அந்த நுந்தா; தூண்ட வேண்டாமல் எப்போதும் எரியும் விளக்கு. தூண்டாமணி விளக்கு என்ற பெயரும் அதே வழியில் வந்ததுதான். வேதாரண்யத்துக் கோயில் விளக்கில் நெய் குடிக்கப் போன எலி, மூக்குச் சுட்டதும் வெகுண்டு திரியைத் தூண்டிவிட்டதையும், சிவன் அதற்கு மூவுலகையும் கொடுத்ததையும் அப்பர் திருக்குறுக்கைப் பதிகத்தில் பாடுகிறார். அந்த எலிதான் மறுபிறவியில் மாவலி என்பது தலபுராணம். ஐரோப்பாவில் விளக்குக்கு மூக்குச் சிந்திவிட்டார்கள் என்றால், இங்கே எலி தன் மூக்கால் விளக்கையே தூண்டிவிட்டது.

இவ்வளவு இருந்தும் தூண்டுகோல் இங்கே பொருந்தாது என்பதே என் கட்சி. அகலில் திரி விளிம்பில் சாய்ந்து கிடக்கிறது. முனை எரிந்து எரிந்து எண்ணெய்ப் பக்கம் பின்வாங்குகிறது. அதை முன்னால் தள்ள வேண்டும். கொழுப்பு வர்த்தியில் எண்ணெய்க்குப் பதிலான பொருள்தான் கீழே இறங்குகிறது, திரி நீண்டு நிற்கிறது. அதை வெட்ட வேண்டும். அங்கே திரி குறைவதால் வேலை, இங்கே மிகுவதால். திரி கரி கட்டினால் பாட்டி என்ன செய்தாள்? "கரியைத் தட்டிவிட்டுத் தூண்டிவிடு" என்பாள். தட்டுவதற்குக் குச்சியே போதும். கத்தரி தேவைப்படவில்லை, அதனால் சொல்லும் பிறக்கவில்லை. சொல் இல்லாதது மொழியின் குறையன்று என்பதற்காகவே இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

தமிழில் ஒருவர் நமக்கு முன்பே இந்த வாசலைத் தட்டியிருக்கிறார், விவிலிய மொழிபெயர்ப்பாளர். யாத்திராகமம் 25ஆம் அதிகாரத்தில் பொன் குத்துவிளக்குக்கு "கத்தரிகளும் சாம்பல் பாத்திரங்களும்" வருகின்றன. மூல எபிரேயச் சொல் எடுத்தல் என்னும் வேரிலிருந்து வந்தது. இடுக்கி என்பதே நெருக்கமான பொருள். ஜேம்ஸ் அரசர் காலத்து ஆங்கில மொழிபெயர்ப்பு 25ஆம் அதிகாரத்தில் இடுக்கி என்றும், அதே சொல்லை 37ஆம் அதிகாரத்தில் ஸ்னஃபர் என்றும் எழுதியது. மோசேயின் விளக்கு எண்ணெய் விளக்கு, ஆகவே கத்தரி அங்கே பொருத்தமா என்று வாதிடலாம். ஆனால் தேவாலயத்தில் தலைமுறை தலைமுறையாக வாசிக்கப்பட்ட சொல் அது. விளக்கோடு கத்தரியைச் சேர்த்துப் பார்க்கத் தமிழ்க் காது பழகிவிட்டது.

என் பரிந்துரை இது. கருகிய முனை திரிக்கரி. வெட்டும் கருவி திரிக்கத்தரி. கூம்பைச் சுடர்மூடி என்றே வைக்கலாம். "அணைமூடி" என்று ஒருவர் எழுதியதை அணைக்கட்டு மதகு என்று வாசித்தேன், மன்னிக்கவும். வீட்டில் விளக்கை அணை என்று சொல்லாமல் அமர்த்து, குளிரவை, மலையேற்று என்கிறோமே என்று ஒரு சகோதரி நினைவூட்டியிருந்தார். அந்த நயத்துக்காக 'அமர்த்துமூடி' என்று வைக்க ஆசைதான். ஆனால் அருங்காட்சியகக் குறிப்பில் வாசிப்பவர் தடுமாறுவார். டவுட்டருக்குச் சுடரிடுக்கி போதும். அதற்கு மேல் அதன்மீது நேரம் செலவிட வேண்டாம்.

வினைக்குத்தான் அதிகம் யோசித்தேன். வெட்டுதல் கரடுமுரடாக இருக்கிறது. திருத்துதல் எல்லாவற்றுக்கும் வந்துவிடுகிறது. கொய்தல் என்று வைக்கலாமா? பூவுக்கும் தினைக்கும்தானே கொய்தல் என்பீர்கள். சங்கப் பாட்டில் பிடரி மயிரைக் கத்தரித்த குதிரைக்குக் கொய்சுவல் புரவி என்று பெயர். வளர்ந்து நிற்கும் நுனியை ஒழுங்காக நறுக்குவதற்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி கிடைக்காது. அதோடு பாரசீகரின் பூவும் ஓரமாக வந்து உட்கார்ந்துகொள்கிறது; அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

அப்படியானால் கேட்டவரின் வாக்கியம் இப்படி வரும்: "இரண்டாம் காட்சியின் நடுவே திரி கொய்பவன் மேடையேறினான். ஒரு சுடரும் அணையாமல் எல்லாத் திரிகளையும் கொய்து முடித்தான். கூட்டம் கைதட்டியது."

'கொய்பவன்' என்பதா, 'கொய்வோன்' என்பதா என்பதை இலக்கணம் தெரிந்தவர்கள் முடிவு செய்யுங்கள். கத்தரிக்கு வல்லெழுத்து மிகும் என்பதில் மட்டும் எனக்கு ஐயமில்லை.