மறு: ஆங்கில ‘ஹூஸ்’ – கிழமை வினாவா, உடைமை வினாவா?

ஐயா, வணக்கம். ஆங்கில ‘ஹூஸ்’ (whose, யாருடைய) என்ற வினாச் சொல்லுக்குத் தமிழில் என்ன இலக்கணப் பெயர் வைப்பது என்ற தங்கள் மடலுக்கு இது என் பதில். தங்கள் வரிகளை மேற்கோளாகத் தந்திருக்கிறேன்.

> ‘யாருடைய’ என்று கேட்கும் சொல்லைக் ‘கிழமை வினா’ எனலாம். நன்னூலே தற்கிழமை, பிறிதின் கிழமை என்று பிரித்து வைத்திருக்கிறது.

பொருளில் குறையே இல்லை. இலக்கணத்தில் கிழமை என்றால் உரிமை. யாருடைய கை என்றால் தற்கிழமை (பிரிக்க முடியாதது), யாருடைய பேனா என்றால் பிறிதின் கிழமை (பிரிக்கக்கூடியது). இரண்டும் இந்தப் பெயருக்குள் அடங்கிவிடும். ஆனால் இன்றைய மாணவரிடம் ‘கிழமை வினா ஒன்று எழுதுக’ என்று சொல்லிப் பாருங்கள். ‘இன்று என்ன கிழமை?’ என்று எழுதி நீட்டுவார். மதிப்பெண் குறைக்கவும் மனம் வராது.

> ‘உடைமை வினா’ என்றால் சொத்துப் பத்திர வாடை அடிக்கிறது. ‘யாருடைய தவறு’ என்பதில் உடைமை எங்கே வந்தது?

வரவில்லைதான். ஆனாலும் அங்கே ‘உடைய’ என்கிற சொல்லுருபு கூசாமல் வந்து உட்கார்ந்திருக்கிறதே! யாருடைய தம்பி, யாருடைய குரல், யாருடைய முறை எல்லாவற்றுக்கும் அதுதான். ஆறாம் வேற்றுமையின் ‘அது’ உருபுக்கு இந்தத் தாராளம் கிடையாது. உயர்திணைப் பெயருக்கு முன் அது வருவதைப் பழைய இலக்கணம் ஏற்காது. ‘யாரது மகன்’ என்பது மரபுக்குப் பொருந்தாது. ‘யாருடைய மகன்’ யாருக்கும் உறுத்தாது. உடைய என்பதே சொத்தைத் தாண்டி இவ்வளவு தூரம் வந்துவிட்ட பிறகு, உடைமையை மட்டும் பத்திரப் பதிவோடு கட்டிப்போட வேண்டியதில்லை. என் வாக்கு ‘உடைமை வினா’வுக்கே.

ஆனால் அந்தப் பெயரோடு நிறுத்தினால் பாதி வேலைதான் முடியும். ஆங்கிலத்தில் ஹூஸ் ஒன்றுதான். அது செய்யும் வேலை இரண்டு. ‘ஹூஸ் பென் இஸ் திஸ்?’ என்பதில் பேனாவுக்கு அடையாக நிற்கிறது. ‘ஹூஸ் இஸ் திஸ் பென்?’ என்பதில் தானே பெயராக நிற்கிறது. தமிழ் இவற்றை வடிவத்திலேயே பிரித்துவிடுகிறது: யாருடைய பேனா இது, இந்தப் பேனா யாருடையது. இவ்வளவு தெளிவான பிரிவு கைவசம் இருக்கும்போது அதைப் பெயரிலும் காட்டிவிடலாம். முதலாவது ‘உடைமை வினாப் பெயரடை’; இரண்டாவது ‘உடைமை வினாப்பெயர்’. ‘வினாவடை’ என்று சுருக்கும் யோசனைக்கு நான் வரவில்லை. அச்சில் அது ‘வினாவிடை’ ஆகிவிடும். ஆகாவிட்டால் வகுப்பு முழுக்கச் சிரிக்கும்.

பிழைகள் முளைக்கும் இடத்தையும் விளக்கத்தில் சேர்க்க வேண்டும். தமிழில் உருபைத் தொகையாக்கி, அதாவது மறைத்து, ‘யார் புத்தகம் இது?’ என்று கேட்கலாம். அதே பழக்கத்தில் ‘ஹூ புக் இஸ் திஸ்?’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் இங்கே தொகைக்கு இடமில்லை. ஹூஸ் வந்தே ஆக வேண்டும். அடையையும் பெயரையும் பிரித்து வைக்கவும் கூடாது. ‘ஹூஸ் புக் டிட் யூ டேக்?’ என்பதில் புக் ஹூஸை ஒட்டியே முன்னால் வந்துவிடுகிறது. ‘ஹூஸ் டிட் யூ டேக் புக்?’ என்று அதைப் பின்னால் விட முடியாது.

> அஃறிணைக்கும் இதே சொல்தானே?

வினாவில் இல்லை. ‘இது எதனுடைய மூடி?’ என்று நாம் கேட்கலாம். அங்கே ஹூஸ் போட்டால் மூடிக்கு ஓர் ஆளைத் தேடுவதாகிவிடும். ‘வாட் இஸ் திஸ் த லிட் ஆஃப்?’ என்று சுற்றித்தான் கேட்க வேண்டும். பெயரெச்சத் தொடர் போல இணைக்கும் இடத்தில் மட்டும் பொருள்களுக்கும் ஹூஸ் வரும்: கூரை இடிந்த வீடு என்பது ‘எ ஹவுஸ் ஹூஸ் ரூஃப் ஹேட் ஃபாலன் இன்’. பழைய ஆங்கிலத்தில் ‘யார்’, ‘என்ன’ இரண்டுக்கும் ஆறாம் வேற்றுமை வடிவம் ஒன்றாகவே இருந்தது. அதன் மிச்சம் இது. ஆகவே ‘உடைமை வினா’ என்பதை ஹூஸ் என்ற சொல்லுக்கே பட்டமாகக் கட்டாமல், அது கேள்வி கேட்கும்போது மட்டும் பெறும் பெயராக வைப்போம்.

இனி அப்பாஸ்ட்ரபி விவகாரம். ‘ராம்’ஸ் பென்’ என்று எழுதிப் பழகிய கை, உடைமை என்றாலே அந்தக் குறியைப் போட்டுவிடுகிறது. ஆனால் ஹிஸ், இட்ஸ், ஹூஸ் ஆகிய உடைமைச் சொற்களுக்குக் குறி கிடையாது. ஹூஸில் குறி போட்டால் அது ‘ஹூ இஸ்’ அல்லது ‘ஹூ ஹேஸ்’. ஒலி ஒன்றே என்பதால் காது உதவாது. விரித்துப் பார்ப்பதே வழி. ‘ஹூ இஸ் பென் இஸ் திஸ்?’ என்று விரித்தால் உளறலாகிறது, ஆகவே குறி வேண்டாம். ‘ஹூ ஹேஸ் டேக்கன் மை பென்?’ சரியாக விரிகிறது, ஆகவே குறி வேண்டும்.

இந்தக் குறியிட்ட வடிவத்துக்குக் ‘குறுக்கம்’ என்ற பெயரைத் தவிர்க்கலாம். ஐகாரக்குறுக்கம், மகரக்குறுக்கம் என்று மாத்திரைக் கணக்கில் அது ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. ‘சுருக்க வடிவம்’ என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது தோன்றினால் சொல்லுங்கள், மாற்றிவிடுகிறேன்.